சத்தம் போடாத மனு

“என்னப்பா இது, கட்டுரையா ஒப்பாரியா?”

என் நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி இங்கிலீஷ் வாத்தியார் கேட்டார். சேலத்தில் இண்டர்மீடியட் முதல் வருசம் படித்துக்கொண்டிருந்தேன். அடைமழைக் காலம். ஜன்னலோரம் விரித்து வைத்த குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டி, வகுப்பு முழுக்க ஈரத்துணி வாசம். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் சட்டையில் மேல் பொத்தான் கிடையாது. அந்த இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

வாத்தியார் என்றதும் நரைத்த தலையை நினைத்துவிடாதீர்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லி, எந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றமாட்டார். பாடம் இங்கிலீஷில் நடத்துவார், திட்டுவதற்கு மட்டும் தமிழுக்கு வருவார். எனக்கு அவரிடம் தமிழ் நிறையவே கிடைத்தது.

முந்தின வாரம் ஒரு சின்னக் கவிதை நடத்தியிருந்தார். எழுதினவர் பேர் மறந்துபோய்விட்டது. ஒரு மனுசன் மரத்தில் கட்டியிருந்த ஊஞ்சலை அவிழ்க்கிறான். கயிற்றைச் சுருட்டுகிறான். பலகையைத் துடைத்துக் கொட்டகையில் வைக்கிறான். உள்ளே போய்ச் சாப்பிட உட்காருகிறான். அவ்வளவுதான் கவிதை. அதை ஆராய்ந்து எழுதிவரச் சொன்னார். நான் நாலு பக்கம் எழுதினேன். ஐயோ பாழும் விதியே, அந்தத் தகப்பன் நெஞ்சு சுக்குநூறாகிப் போனதே, கல்லும் கரையுமே என்று, தெரிந்த இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் கொட்டியிருந்தேன்.

“நெஞ்சு உடைஞ்சதுன்னு எந்த வரியில இருக்கு? காட்டு.”

“இல்லீங்க சார்.”

“விதி எங்க இருக்கு?”

“அதும் இல்லீங்க சார்.”

“அப்ப குழந்தை செத்துப்போச்சுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

யோசித்தேன். ஊஞ்சலை அவிழ்த்ததால் தெரிந்தது. பலகையைத் துடைத்ததால் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தான் என்று இருக்கிறது, சாப்பிட்டான் என்று இல்லை. இதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. வாத்தியார் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“அதான். கண்ணீரையெல்லாம் நீயே விட்டுட்டா, படிக்கிறவனுக்கு என்னப்பா மிச்சம்? எழுதுறவன் குரலை இறக்கணும். படிக்கிறவனை நம்பணும். அவன் புரிஞ்சுப்பான்.”

சிவப்புப் பென்சிலால் என் நாலு பக்கத்தை அடித்து அரைப் பக்கமாக்கிக் கொடுத்தார். அந்த அரைப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாவி நான், அன்றைக்கே காலேஜை விட்டு ஓடியிருந்தால் எவ்வளவோ தேவலை.

ஒரு வாசகருக்குப் பதில்

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஆத்தூர் வாசகர் ஒருவர், நான் விஷயத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் போகிறேன் என்று எழுதியிருக்கிறார். வாஸ்தவம்தான் ஐயா. ஏற்காட்டு மலை ரோட்டில் வளையாமல் ஏறுகிறவன் எவனாவது இருந்தால் கூட்டி வாருங்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் இந்த வாரம் நான் சுற்றுவதற்கு வேறு காரணம் உண்டு. போகவேண்டிய இடத்துக்குப் போக எனக்கு மனசில்லை.

எங்கள் குடும்பம் மலைக்காரக் குடும்பமில்லை. அப்பாவின் தாத்தா காலத்தில் கீழே ஊரில் மழை பொய்த்து, காப்பித் தோட்ட வேலைக்கென்று மேலே ஏறினவர்கள். அப்பா அந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவர். பழம் எடுக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. ஆத்தா பழம் எடுத்தாள். என் தங்கை செல்லாயியும் எட்டு வயசிலிருந்து கூடையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனவள்தான். வரிசையாக ஒட்டிக் கட்டின பன்னிரண்டு லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி. அந்தப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. ஆத்தாவுக்கு என்னைவிட அதிகம் இருந்தது.

ஒண்டிக்கடை மனு

அந்தக் காலத்து எஸ்டேட்டில் துரையிடம் யாரும் நேரில் போய்ப் பேசிவிட முடியாது. துரைக்குத் தமிழ் என்றால் வா, போ, கூடை, பழம். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் நடுவில் நிற்கவேண்டும். முக்கியமான காரியத்துக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுக்கவேண்டும். துரை காலைச் சாப்பாடு முடித்து பங்களா வராந்தாவில் உட்காருகிற நேரமாகப் பார்த்து, பட்லரிடம் கொடுத்துவிட்டு, படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். துரை அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே பென்சிலால் உத்தரவு எழுதித் திருப்பி அனுப்புவார். அதோடு சரி. ஒரு தடவை எழுதின உத்தரவுக்கு மேல் மறுபடி போய்க் கேட்கிற வழக்கம் கிடையாது.

மனு எழுதித் தர, ஏற்காட்டு முச்சந்தியான ஒண்டிக்கடையில் ஓர் ஆள் இருந்தார். சாராயம் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதுதான் மேசை. அவர் மனு எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? ஏழைகளின் தாயும் தகப்பனுமான மகாபிரபுவின் பாதாரவிந்தங்களில் இந்த நாயினும் கடையேன் விழுந்து புரண்டு கதறுவது என்னவென்றால். அப்படித்தான் ஆரம்பிக்கும். கூரை ஒழுகினால் குடும்பமே வெள்ளத்தில் மிதக்கிறது. மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் மாடு இந்த நிமிசம் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது. மனைவிக்குத் தலைவலி என்றால் மூச்சு அடங்கிக்கொண்டே வருகிறது, பிள்ளைகள் அனாதைகளாகி நடுரோட்டில் நிற்கின்றன.

ஹைஸ்கூல் படிக்கும்போது லீவு நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். “ஏனுங்க, இவ்வளவு அழுகை எதுக்குங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“கண்ணு, துரைங்க நம்ம காயிதத்தை அப்படியே எடுத்துக்க மாட்டாங்க. முக்கால்வாசியைத் தள்ளிட்டுத்தான் படிப்பாங்க. நாம சாகறான்னு எழுதுனா சீக்குன்னு எடுத்துக்குவாங்க. சீக்குன்னு எழுதுனா சும்மா படுத்திருக்கறான்னு எடுத்துக்குவாங்க. அது அவங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்” என்றார்.

எனக்கு அது கேவலமாகப் பட்டது. காலேஜில் சேர்ந்த பிறகு இன்னும் கேவலமாகப் பட்டது. வாத்தியாரிடம் ஒண்டிக்கடை மனுவைப் பற்றிச் சொல்லி நானும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

செல்லாயியின் கேள்வி

கிறிஸ்துமஸ் லீவுக்கு மலையேறினேன். பழம் எடுக்கிற மும்முரம். மழையும் விட்டபாடில்லை. செடியெல்லாம் சிவப்பாகப் பழுத்து நிற்கும்போது மழை பெய்தால் பழம் கொட்டிப்போகும் என்று, சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடியே எடுத்தார்கள். செல்லாயிக்குத் தை மாசம் கலியாணம். மாப்பிள்ளை கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவன். அவனை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் சந்தையில் தூரத்திலிருந்து. காது கொஞ்சம் பெரிசாயிருக்குது என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

நான் ஒரு பைத்தியக்காரன். நல்ல கவிதை ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று செடிக்குச் செடி அவள் பின்னாலேயே போய் ஊஞ்சல் கவிதையைத் தமிழில் சொன்னேன். எந்த வரியிலும் சாவு என்கிற சொல்லே இல்லை, அதுதான் அதன் அழகு என்று விளக்கினேன்.

அவள் கை பாட்டுக்குப் பழத்தை உருவிக்கொண்டிருந்தது. “கொளந்தை செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போறதுக்கு அந்த ஆளுக்கு என்னண்ணா கேடு? பக்கத்து ஊட்டுக்காரங்களாச்சும் வந்து ஒரு வாய் சோறு ஊட்டியிருப்பாங்கல்ல?”

“உனக்கு இதெல்லாம் புரியாது போ.”

“புரியாட்டிப் போவுது. நீ காலை எடு, பழத்தை மிதிக்கறே.”

அவள் கேட்டதை வாத்தியாரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

நாலு வரி

அதற்கு இரண்டு நாள் கழித்து செல்லாயி காய்ச்சலென்று படுத்தாள். முதலில் யாரும் பெரிசாக நினைக்கவில்லை. மழையில் நனைந்த உடம்பு, மிளகுக் கஷாயம் குடித்தால் சரியாகும் என்றாள் ஆத்தா. நாலாம் நாள் செல்லாயி மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள். இருமினால் துருப்பிடித்த நிறத்தில் சளி வந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் வந்து பார்த்தார்.

“நெஞ்சுல சளி கட்டிருச்சு. சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. டோலி கட்டித் தூக்கிட்டுப் போக வேண்டாம், இந்தக் குளிருல அத்தனை தூரம் தாங்க மாட்டா. பஸ்ஸுல காச்சக்காரங்களை ஏத்தமாட்டாங்க. துரைகிட்டக் கேட்டு கார்ல போங்க. தாமசம் பண்ணிராதீங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ரைட்டர் மகள் கலியாணத்துக்கென்று கீழே போயிருந்தார். ஒண்டிக்கடைக்குப் போய் மனு எழுதி வரலாம் என்று அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நான் விடவில்லை. இங்கிலீஷ் படிக்கிற மகன் வீட்டில் இருக்கும்போது அந்தப் பெட்டிக்காரரிடம் போவதா?

“சரி சாமி, நீயே எழுது” என்றார் அப்பா. அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். “கால்ல விழறோம்னு எழுது. உசுரு போயிட்டு இருக்குதுன்னு எழுது. இன்னைக்கே கார் வேணும், நீங்கதான் தெய்வம்னு எழுது. தை மாசம் கலியாணம் வெச்சிருக்கறோம், அதையும் போடு.”

“அப்பா, அப்படியெல்லாம் எழுதுனா துரைக்குச் சலிச்சுப் போயிருமுங்க. நான் எழுதறேன், நீங்க சும்மா இருங்க.”

எழுதினேன். ஒரு மணி நேரம் எழுதினேன். நாலு முறை அடித்துத் திருத்தினேன். கடைசியில் நின்றது நாலே வரி. இத்தனை வருசம் கழித்தும் அதில் ஒரு சொல் மறக்கவில்லை. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“ஐயா, என் தங்கை நான்கு நாளாகப் பழம் எடுக்க வரவில்லை. அவளுடைய கூடையை என் தாய் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பகலிலும் கதவைச் சாத்தச் சொல்கிறாள் தங்கை. தங்கள் கார் சேலத்துக்குப் போகும்போது அவளுக்கும் ஓர் இடம் கிடைக்குமானால் நாங்கள் நன்றியுடையவர்களாக இருப்போம்.”

கூடையைக் கவிழ்த்து வைத்த வரியை எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. பிரமாதமாக வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. கூடப் பிறந்தவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு சுவரோரம் கிடக்கிறாள், நான் என் வரியைப் பார்த்து மயங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. “நொம்பக் கொஞ்சமா இருக்குதே சாமி” என்றார்.

“எல்லாம் அதுக்குள்ள இருக்குதுங்கப்பா.”

வராந்தாவில்

செவ்வாய்க்கிழமை காலையில் நானும் அப்பாவும் பங்களாப் படிக்குக் கீழே நின்றோம். பட்லர் காகிதத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனான். துரை சுருட்டைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். ஒரு தடவை படித்தவர் இன்னொரு தடவையும் படித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பில்லை. எழுதினது யார் என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். என்ன படிக்கிறாய் என்று என்னிடம் இங்கிலீஷிலேயே கேட்டார். சொன்னேன். நல்லது என்றார்.

அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “சொல்லு சாமி. வாயில சொல்லு.”

சொல்லியிருக்கலாம். இந்த இடத்தை எத்தனை ஆயிரம் முறை நினைத்துப் பார்த்திருப்பேன். நாலடி தூரத்தில் துரை. எனக்கு இங்கிலீஷ் தெரியும். அவள் சாகக் கிடக்கிறாள், இன்றைக்கே கார் வேண்டும் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? நான் சொல்லவில்லை. இரண்டாம் தடவை படித்தாரே, புரிந்துகொண்டார் என்று நம்பினேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் எழுதினது கெட்டுவிடும் என்று கூட நினைத்தேன்.

துரை பென்சிலால் ஓரத்தில் எழுதி அனுப்பினார். ‘ஆகட்டும். சனிக்கிழமை. அழகாக எழுதியிருக்கிறாய்.’ சனிக்கிழமை விருந்தாளிகளை அழைத்துவர அவருடைய கார் சேலம் ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தது. கார் போகும்போது ஓர் இடம் என்று நான் கேட்டிருந்தேன். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டார் மனுசன்.

சனிக்கிழமை என்று படித்துக் காட்டியதும் அப்பா முகம் வாடிப்போனது. “அத்தனை நாளா?” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? துரை என்னைப் பாராட்டியிருக்கிறார் என்று சொன்னேன். வழியெல்லாம் அந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பூராவும் நான் சந்தோசமாக இருந்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

வியாழக்கிழமை செல்லாயிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அப்பா, “இன்னொரு காயிதம் எழுது சாமி, திட்டுனாத் திட்டட்டும்” என்றார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அந்தப் பெட்டிக்காரர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு அப்பா பங்களாவுக்கு ஓடினார். துரை தன் சம்சாரம் துரைசாணியோடு பக்கத்து எஸ்டேட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார், மறுநாள் மத்தியானம்தான் வருவார் என்று பட்லர் சொல்லிவிட்டான். காரும் அங்கேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்து, லைனில் எல்லோரும் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் செல்லாயி போய்விட்டாள். பதினாறு வயசு. கடைசியாக அவள் தெளிவாகப் பேசினது முந்தின நாள் காலையில். சனிக்கிழமை கார்ல போறப்ப நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன் என்று சொன்னாள்.

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை மத்தியானமே எடுத்துவிட்டோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கார் லைன் வீட்டுக்கு வந்து நின்றது. எங்கள் லைனுக்குக் கார் வந்தது அதுதான் முதல் தடவை. பங்களாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, துண்டு கட்டிக்கொண்டு போய் நிற்க யாருக்கும் மனசில்லை. டிரைவர் இறங்கி, துரைசாணி கொடுத்தனுப்பிய கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு, “பொண்ணைக் கூட்டியாங்க” என்றான். பிறகு அவனே வாசலில் கிடந்த பச்சை மூங்கிலையும் உதிரிப் பூவையும் பார்த்துப் புரிந்துகொண்டு தொப்பியைக் கழற்றினான்.

அவனுக்குக் கூடச் சொல்லாமல் புரிந்தது.

வாத்தியார் சொன்னது

காலேஜ் திறந்து ஒரு வாரம் கழித்து, வகுப்பு முடிந்ததும் வாத்தியாரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, அந்த நாலு வரியை அப்படியே ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“அது கவிதைக்குச் சொன்னதுப்பா. மனுவுக்கு யாரு அப்படி எழுதச் சொன்னா?”

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். அவர் பேரில் தப்பில்லை என்று நான் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவர் பேரில் தப்பில்லைதான். துரை பேரிலும் இல்லை. யார் மேலாவது பழி போட முடிந்திருந்தால் நான் கொஞ்சம் மனுசனாக இருந்திருப்பேன். அந்த வருசம் முழுக்க அவர் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. பரீட்சையில் இங்கிலீஷில் நான்தான் முதல். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆத்தா கேட்டாள்

கோடை லீவுக்கு வந்தபோது காப்பிப் பூ பூத்திருந்தது. மலை முழுக்க மல்லிகை போல வாசம். ஆத்தா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பேச்சு ரொம்பக் குறைந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அடுப்பு மூட்டிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து, துரை உத்தரவு எழுதின, நாலாய் மடித்த அந்தக் காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

“இதுல நீ என்ன எழுதியிருக்கறேன்னு படிச்சுச் சொல்லு கண்ணு. எம் புள்ளைக்காக எழுதுனது. நான் கேக்கவே இல்லை.”

அப்பா கதவோரம் உட்கார்ந்து கூடைக்கு நார் கட்டிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைப் பிரித்தேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள் என்கிற வரியை அவளிடம் எப்படிப் படிப்பேன்? கார் போகும்போது ஓர் இடம் என்று எந்த வாயால் சொல்வேன்?

வாயைத் திறந்தேன். ஏழைகளின் தாயும் தகப்பனுமான துரை அவர்களுக்கு என்று ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு விளக்கு அணைந்துகொண்டிருக்கிறது ஐயா என்றேன். மகளுக்கு மூச்சு அடைக்கிறது, உதடு நீலமாகிறது, தை மாசம் கலியாணம் வைத்திருக்கிறோம், தங்கள் காலில் விழுகிறோம், இன்றைக்கே, இந்த நிமிசமே கார் அனுப்பவேண்டும், நீங்கள்தான் தெய்வம். நாலு வரிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனேன். எழுதியிருக்கவேண்டியதையெல்லாம் படித்தேன். என் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

முடித்ததும் ஆத்தா அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினாள்.

“இத்தனை சொல்லியுமா அவன் மனசு எறங்கலை?” என்றாள்.

அப்பா நாரைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் அதில் எத்தனை வரி என்று அவருக்குத் தெரியும். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

“ஆமா. நாந்தான் பக்கத்துல குந்திக்கிட்டு ஒண்ணொண்ணாச் சொன்னேன். ஒண்ணு விடாம எழுதுனான்” என்றார் ஆத்தாவிடம்.

அந்த வாரமே ஆத்தா கூடையைக் கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டாள். அந்தப் பாவி தோட்டத்தில் ஒரு பழம் தொடமாட்டேன் என்றாள். அப்பாவுக்கு அந்த மலையைத் தவிர வேறு ஊர் தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் இறங்கினார். சேலத்துக்கு வெளியே ஒரு குடிசை போட்டுக்கொண்டோம். அவர் சாகும்வரை அந்தக் காகிதத்தைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை.

ஆத்தா அதற்கப்புறம் இருபத்திரண்டு வருசம் இருந்தாள். தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் மலை இருக்கிற திசையைப் பார்த்து, துரை குலம் விளங்காமப் போகட்டும், அவன் பெத்தது அவன் கண் முன்னால போகட்டும் என்று சாபம் விடுவாள். துரைக்கு ஒரே ஒரு பெண் குழந்தை என்று எனக்குத் தெரியும். சாபம் முடிந்ததும் எனக்குச் சோறு போடுவாள். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன்.